கணினியின் ஐபி முகவரி: எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு பிராட்பேண்ட் இணைப்பு, கடையில் இரண்டு மூன்று கணினி, ஒரு பிரிண்டர், மூலையில் ஒரு சிசிடிவி பெட்டி. இப்படிப்பட்ட இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. பெரும்பாலும் விண்டோஸை வைத்தே எழுதியிருக்கிறேன். கடை கண்ணிகளில் அதுதானே இருக்கிறது. கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

அவசரம். என் கணினியின் ஐபி முகவரியை உடனே பார்க்க என்ன செய்ய வேண்டும்?

விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னக் கட்டத்தில் சிஎம்டி (cmd) என்று அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடித்து மறுபடி என்டர் தட்டுங்கள். ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரிக்கு நேரே 192.168.1.7 போல நான்கு எண்கள் புள்ளி வைத்துப் பிரிக்கப்பட்டு இருக்கும். அதுதான்.

ஆனால் அந்த எண்ணை யாருக்காவது அனுப்பும் முன் அடுத்த இரண்டு பதில்களையும் படித்துவிடுங்கள். கேட்டவருக்கு வேண்டியது வேறு எண்ணாக இருக்கலாம்.

கணினி 192.168 என்று தொடங்கும் எண்ணைக் காட்டுகிறது. ‘வாட் இஸ் மை ஐபி’ என்று கூகுளில் தேடினால் வேறு எண் வருகிறது. எது சரி?

இரண்டும் சரிதான். முதல் எண் உங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. இரண்டாவது, வெளியுலகம் உங்களைப் பார்க்கும் முகவரி. பழைய அலுவலகங்களில் வெளியே ஒரே தொலைபேசி எண்ணும், உள்ளே மேசைக்கு மேசை 101, 102 என்று எக்ஸ்டென்ஷனும் இருந்ததே, அந்த ஏற்பாடுதான் இது. ஆபரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் உங்கள் ரவுட்டர் இருக்கிறது.

ஏன் இப்படி ஆனது என்றால், எண்கள் போதவில்லை. 1981இல் வகுக்கப்பட்ட ஐபிவி4 முறையில் ஒரு முகவரிக்கு 32 பிட் இடம். மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம். பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் மட்டும் பயன்படுத்திய காலத்தில் அது தாராளம். வீட்டுக்கு வீடு கணினி, கைக்குக் கை போன் என்று ஆனபோது எப்படிப் போதும்? அதனால் 1990களில் மூன்று தொகுதிகளை உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்குபவை எல்லாம் ஒன்று, 172.16 முதல் 172.31 வரை இரண்டாவது; 192.168 என்று தொடங்குபவை மூன்றாவது. இந்த எண்களை யார் வேண்டுமானாலும் தங்கள் வளாகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் 192.168.1.7 இருக்கும், எதிர் வீட்டிலும் 192.168.1.7 இருக்கும். இரண்டும் வெளியே போகாததால் மோதிக்கொள்வதில்லை.

அப்படியென்றால் எனக்கு எந்த முகவரி வேண்டும்?

எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு சாதனங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமா? பிரிண்டரை இணைக்க, இன்னொரு கணினியில் இருக்கும் டேலி டேட்டாவைத் திறக்க, போனிலிருந்து கணினிக்குக் கோப்பு அனுப்ப, பில்லிங் கணினியோடு கிச்சன் பிரிண்டரைச் சேர்க்க, இதற்கெல்லாம் உள் முகவரி. வெளியூரிலிருந்து யாரோ உங்களை அடைய வேண்டும், அல்லது ஒரு சர்வர் உங்களை அடையாளம் கண்டு உள்ளே விட வேண்டும் என்றால் வெளி முகவரி. உள் முகவரியை ஐபிகான்ஃபிக் சொல்லும். வெளி முகவரியை வெளியில் இருக்கும் ஒரு தளம்தான் சொல்ல முடியும். ஐபிவி4 வெளி முகவரி உங்கள் கணினிக்கே தெரியாது.

ஐபிகான்ஃபிக் ஏகப்பட்ட பகுதிகளைக் காட்டுகிறது. அதில் எது என்னுடையது?

‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியைத் தேடுங்கள். எந்தப் பகுதியில் அதற்கு நேரே ஓர் எண் இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் இணையத்துக்குப் போகும் இணைப்பு. அந்தப் பகுதியில் இருக்கும் ஐபிவி4 முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்வே என்பது உங்கள் ரவுட்டரின் உள் முகவரி; 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருப்பது வழக்கம், ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1 என்று வரும்.

மற்றவை பெரும்பாலும் இரைச்சல். ‘மீடியா டிஸ்கனெக்டட்’ என்று இருப்பவை கேபிள் செருகாத லேன் துளை, ப்ளூடூத் போன்றவை. 192.168.56.1 தெரிந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவியிருக்கிறீர்கள். 192.168.137.1 தெரிந்தால் அந்தக் கணினியே ஹாட்ஸ்பாட் ஆகி மற்றவர்களுக்கு இணையம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 172 என்று தொடங்கி, பெயரில் ‘டபிள்யூஎஸ்எல்’ இருந்தால் அது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸுக்கானது. ஐபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருந்தால் 172.20.10 என்று தொடங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உண்மையான முகவரிதான்.

கறுப்புத் திரை வேண்டாம். மவுஸால் பார்க்க வழி உண்டா?

உண்டு. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ போங்கள். மேலேயே இணைப்பின் பெயரும் பக்கத்தில் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதும் இருக்கும். அதைத் தட்டி, கீழே உருட்டினால் ஐபிவி4 முகவரி தெரியும். விண்டோஸ் 10இலும் கிட்டத்தட்ட இதே வழி, ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் ப்ராப்பர்ட்டீஸ் இருக்கும். என்னைக் கேட்டால் கறுப்புத் திரைதான் நல்லது. விண்டோஸ் பதிப்புக்குப் பதிப்பு மெனுக்களை இடம் மாற்றுகிறது. ஐபிகான்ஃபிக் மட்டும் பல வருடங்களாக அப்படியே இருக்கிறது.

மேக், லினக்ஸ், போன்?

மேக்கில் ஆப்ஷன் பொத்தானை அழுத்திக்கொண்டு மேலே இருக்கும் வைஃபை சின்னத்தைத் தட்டினால் ஐபி அங்கேயே தெரியும். லினக்ஸ் டெர்மினலில் ஐபி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஏ என்ற ஒற்றை எழுத்தை அடித்தால் போதும் (ip a).

ஆண்ட்ராய்டில் இணைந்திருக்கும் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரச் சின்னத்தைத் தட்டுங்கள், அந்தப் பக்கத்திலேயே எங்காவது இருக்கும். ஐபோனிலும் அதே கதை, பற்சக்கரத்துக்குப் பதில் வட்டத்துக்குள் ஐ எழுத்து.

என் கணினி 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டுகிறது. இணையமும் இல்லை. என்ன அர்த்தம்?

ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பார்த்து, பதிலே வராமல், கணினி தானாக ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். இந்த எண்ணை வைத்து வெளியே எங்கும் போக முடியாது. ஆகவே பிரச்சினை உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில். பிராட்பேண்ட் கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

லேன் கேபிள் என்றால் செருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் கேபிளோ சுவிட்ச் துளையோ போய்விட்டது. கடைகளில் எலி கடித்த கேபிளும், துடைக்கும்போது அணைந்துபோன சுவிட்ச் பெட்டியும்தான் இதற்கு வழக்கமான காரணங்கள். விளக்கு எரிகிறதென்றால் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ரினியூ என்று சேர்த்து அடியுங்கள் (ipconfig /renew). புது முகவரி கேட்கும். அதற்கும் மசியாவிட்டால் ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள்.

ஒரு குறிப்பு: பக்கத்தில் இருக்கும் கணினிகளுக்கெல்லாம் முகவரி சரியாக வந்து, ஒன்று மட்டும் 169.254 காட்டினால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். அந்த ஒரு கணினியையும் அதன் கேபிளையும் மட்டும் பாருங்கள்.

127.0.0.1 என்று எங்கோ பார்த்தேன். அது யாருடைய முகவரி?

ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ள வைத்திருக்கும் முகவரி. எல்லாக் கணினியிலும் ஒன்றுதான். அதை யாரிடமும் சொல்லிப் பயனில்லை.

பிரிண்டர் இரண்டு வாரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திடீரென்று ‘ஆஃப்லைன்’ என்கிறது. ஐபிதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. சின்ன அலுவலகங்களில் தலைவலிக்குப் பெரிய காரணமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரவுட்டர் முகவரிகளைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, வாடகைக்குத்தான் கொடுக்கிறது. டிஎச்சிபி என்று இந்த முறைக்குப் பெயர். ஒரு நாள், சில ரவுட்டர்களில் சில மணி நேரம் என்று தவணை இருக்கும். சாதனம் ஓடிக்கொண்டே இருந்தால் தவணை முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ளும், எண் மாறாது. ஆனால் மின்சாரம் போய் ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்து திரும்ப வந்தாலோ, பிரிண்டரை விடுமுறையில் நாலு நாள் அணைத்து வைத்திருந்தாலோ, பழைய எண் வேறு யாருடைய போனுக்காவது போயிருக்கும். பிரிண்டருக்குப் புது எண் கிடைக்கும். கணினியோ இன்னும் பழைய எண்ணுக்கே அச்சு வேலையை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆஃப்லைன் என்று காட்டாமல் வேறென்ன செய்யும்?

பிரிண்டரைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பார்கள் சிலர். அன்றைக்குச் சரியாகும், அடுத்த மின்வெட்டில் திரும்ப வரும். முறையான வைத்தியம் ரவுட்டரில் இருக்கிறது. உலாவியின் முகவரிப் பட்டையில் கேட்வே எண்ணை அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே டிஎச்சிபி பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது அதைப் போன்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். பிரிண்டரின் மேக் எண்ணையும், அதற்கு நிரந்தரமாக வேண்டிய ஐபியையும் அங்கே எழுதிச் சேமித்துவிட்டால் அந்தச் சாதனத்துக்கு எப்போதும் அதே முகவரிதான். மேக் எண் என்பது தொழிற்சாலையிலேயே பதிக்கப்படும் வன்பொருள் எண். பிரிண்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்செடுத்தால் ஐபியோடு சேர்த்து அதுவும் இருக்கும்.

பிரிண்டரிலேயே நேரடியாக எண்ணைப் பதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் ரவுட்டர் வாடகைக்கு விடும் எண்களுக்குள் அது இருக்கக் கூடாது. ரவுட்டர் 192.168.1.2 முதல் 254 வரை எல்லாவற்றையும் விநியோகித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பிரிண்டருக்கு 50 என்று பதித்தால், என்றாவது ஒரு நாள் ரவுட்டர் அந்த 50ஐ ஒரு போனுக்குக் கொடுக்கும். இரண்டு பேருக்கும் ஒரே எண், இரண்டுமே தடுமாறும். முதலில் ரவுட்டரின் எல்லையை 2 முதல் 150 வரை என்று குறைத்துவிட்டு, பிரிண்டருக்கு 200 கொடுங்கள்.

டேலி டேட்டா இருக்கும் கணினி, பில்லிங் சர்வர், சிசிடிவி பெட்டி ஆகியவற்றுக்கும் இதையே செய்துவைப்பது நல்லது. சாதாரணக் கணினிகளையும் போன்களையும் அப்படியே விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் எண் பதித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகம் தொலைந்த பிறகு அங்கே வேலை செய்வது பெரும்பாடு.

இன்னொரு கணினியின் ஐபியை என் இடத்தில் இருந்தபடியே தெரிந்துகொள்ள முடியுமா?

ரவுட்டர் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும், அதுதான் எளிது. கணினியின் பெயர் தெரிந்தால் கறுப்புத் திரையில் பிங் (ping) என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்தப் பெயரை அடித்தாலும் எண் தெரியும். பதிலாக ‘டைம்ட் அவுட்’ என்று வந்தால் அந்தக் கணினி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்ல விடாமல் தடுப்பது வழக்கம். எண் தெரிந்ததே, அது போதும்.

‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடினால் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஏதோ வருகிறது. அதுவும் ஐபியா?

ஆமாம், ஐபிவி6. 32 பிட் போதாது என்பது தெரிந்த பிறகு 1990களில் உருவாக்கப்பட்ட அடுத்த முறை. இதில் முகவரிக்கு 128 பிட். 0 முதல் 9 வரை எண்களும், ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் முக்காற்புள்ளி வைத்துப் பிரிக்கப்பட்டு வரும். நடுவில் இரண்டு முக்காற்புள்ளி சேர்ந்து வந்தால் அங்கே சுழியங்களைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள், தட்டச்சுப் பிழையில்லை.

உலக அளவில் ஐபிவி4 முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பான ஐயானா, தன்னிடம் மிச்சமிருந்த கடைசிப் பெரிய தொகுதிகளை 2011 பிப்ரவரி 3இல் கொடுத்து முடித்தது. இந்தியா அடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு அதே ஆண்டு ஏப்ரலிலேயே ரேஷன் தொடங்கிவிட்டது. 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கு, கோடிக்கணக்கான போன்களுக்குத் தர ஐபிவி4 முகவரி எங்கே கிடைக்கும்? தொடக்கத்திலிருந்தே ஐபிவி6ஐ நம்ப வேண்டியதாயிற்று. இன்றைக்கு ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசை நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஜியோ இணைப்பில் 2409:40 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்திருப்பீர்கள்.

ஐபிவி6இல் உள், வெளி என்ற பிரிவு பெரும்பாலும் இல்லை. உங்கள் கணினிக்கே நேரடியாக வெளி முகவரி கிடைக்கும். ஐபிகான்ஃபிக் ஒன்றுக்கு மேற்பட்ட ஐபிவி6 முகவரிகளைக் காட்டினால் அதுவும் இயல்புதான். ‘டெம்பரரி’ என்று குறித்திருப்பது, தளங்கள் உங்களைத் தொடர்ந்து அடையாளம் காணாதிருக்க அவ்வப்போது மாற்றப்படும் முகவரி. எஃப்இ80 என்று தொடங்குவது அந்தக் கேபிள் அல்லது வைஃபை எல்லைக்குள் மட்டும் செல்லும். அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கடையின் சிசிடிவியை வீட்டிலிருந்து பார்க்க ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனாலும் வரவில்லை. ஏன்?

போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே இருக்கும் ஒரு சாதனத்துக்கு ரவுட்டர் திருப்பிவிடும் ஏற்பாடு. முதலில் ஒரு சோதனை. ரவுட்டர் பக்கத்தில் ‘வேன் ஐபி’ என்று, ரவுட்டரின் வெளிப்பக்கத்துக்குக் கிடைத்த ஓர் எண் இருக்கும். கூகுளில் தேடிக் கிடைத்த ஐபிவி4 வெளி எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் அமைப்பில்தான் ஏதோ தவறு, தேடிப் பார்க்கலாம். வேறு வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலோ 10 என்றோ தொடங்கினால், நீங்கள் எத்தனை முறை மாற்றி மாற்றிச் செய்தாலும் வேலை செய்யாது.

காரணம் இதுதான். உங்கள் வீட்டுக்குள் ரவுட்டர் செய்யும் வேலையை, இணைய நிறுவனம் தன் பக்கமும் ஒரு முறை செய்கிறது. ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறைய வாடிக்கையாளர்கள். சிஜிநாட் என்று அழைக்கிறார்கள். இதற்கென்றே 2012இல் அந்த 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் அழைப்பு இணைய நிறுவனத்தின் கதவிலேயே நின்றுவிடும். அந்தக் கதவில் உங்களுக்காகத் துளை போட உங்களால் முடியாது. மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் இப்படித்தான். கேபிள்காரர் தரும் இணையத்திலும் இதுவே வழக்கம்.

வழிகள் மூன்று. நிறுவனத்திடம் ‘ஸ்டேட்டிக் ஐபி’ கேட்கலாம். தனிக் கட்டணம் உண்டு, எல்லாத் திட்டத்திலும் கிடைக்காது, வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, சிசிடிவி பெட்டியோடு வரும் கிளவுட் செயலி. பெட்டி தானே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்துகொள்ளும், நீங்களும் அங்கே போய்ச் சேர்கிறீர்கள், அதனால் ஐபி ஒரு பொருட்டே இல்லை. மூன்றாவது ஐபிவி6, பெட்டி, ரவுட்டர், நீங்கள் பார்க்கும் இணைப்பு மூன்றும் அதற்கு ஒத்துழைத்தால்தான் நடக்கும். சாதாரணக் கடைக்கு இரண்டாவது வழியே போதும்.

ஸ்டேட்டிக் ஐபி வாங்கி, போர்ட்டைத் திறந்து வைப்பவர்களுக்கு ஒன்று. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் திறந்து வைக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது இப்படிப்பட்ட கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் வழியாகத்தான். தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு இணையம் முழுக்கக் கதவு தட்டியது. அந்த அக்டோபர் 21ஆம் தேதி அவை எல்லாம் சேர்ந்து, தளங்களின் பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. கேமரா வைத்திருந்த கடைக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெட்டி அதில் சேர்ந்திருந்தது தெரியவே தெரியாது.

சில தளங்கள் திடீரென்று ‘நீங்கள் ரோபோவா’ என்று கேட்கின்றன, சில உள்ளேயே விடுவதில்லை. நான் ஒன்றும் செய்யவில்லையே?

நீங்கள் செய்யாமல் இருக்கலாம், உங்களோடு அதே வெளி முகவரியைப் பகிர்பவர் செய்திருக்கலாம். சிஜிநாட்டின் பக்க விளைவு. ஐபிகான்ஃபிக் ரினியூ இதற்கு உதவாது, அது மாற்றுவது உள் முகவரியை. ரவுட்டரைச் சில நிமிடம் அணைத்துப் போட்டால் வெளி முகவரி மாறும் வாய்ப்பு உண்டு, மாறாமலும் போகலாம்.

என் ஐபியை வைத்து என் வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

யாரோ ஒருவரால் முடியாது. ஊர், மாநிலம், எந்த நிறுவனத்தின் இணைப்பு என்ற அளவுக்குத்தான் தெரியும், அதுவும் அடிக்கடி தவறாக. தென்காசியில் உட்கார்ந்திருப்பவரைச் சென்னை என்றோ மும்பை என்றோ காட்டுவது சாதாரணம். நிறுவனத்தின் கருவி எங்கே இருக்கிறதோ அந்த ஊர்.

இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் ஐபிக்கு இடம் சொல்லும் தரவுத்தளத்தை விற்கிறது. ஓர் ஐபி அமெரிக்காவில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்து, ஊர் தெரியாவிட்டால், நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் காட்டும்படி வைத்திருந்தார்கள். எண்களை முழுமையாக்கி 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த வீட்டைச் சுட்டின. பல ஆண்டுகளாக அங்கே குடியிருந்தவர்களைத் தேடி, திருட்டு, மோசடி என்று சொல்லிக்கொண்டு போலீசும் ஏமாந்தவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். 2016இல் ஒரு பத்திரிகையாளர் எழுதிய பிறகுதான் காரணம் வெளியே வந்தது. நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்கு மாற்றியது. ‘ஐபி லொகேஷன்’ தளம் ஒன்றைப் பார்த்துவிட்டு யார் வீட்டுக் கதவையாவது தட்டக் கிளம்புபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காவல்துறையின் கதை வேறு. சட்டப்படி இணைய நிறுவனத்திடம் கேட்டால், அந்த நேரத்தில் அந்த முகவரி எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். சிஜிநாட் இருந்தால் ஐபி மட்டும் போதாது, துல்லியமான நேரமும் போர்ட் எண்ணும் சேர்ந்தால்தான் ஆளைப் பிரித்தெடுக்க முடியும்.

‘உங்கள் ஐபி ஹேக் ஆகிவிட்டது’ என்று போன் வந்தது. என்ன செய்வது?

போனை வையுங்கள். மைக்ரோசாஃப்டோ இணைய நிறுவனமோ இப்படிக் கூப்பிடுவதில்லை. இவர்கள் உங்களை ஐபிகான்ஃபிக் அடிக்கச் சொல்லி, அதில் வரும் சாதாரண வரிகளைக் காட்டியே ‘பாருங்கள், அந்நிய முகவரி’ என்று மிரட்டுவார்கள். அடுத்து எனிடெஸ்க், டீம்வியூவர் போல ஒன்றை நிறுவச் சொல்வார்கள். நிறுவிவிட்டால் உங்கள் கணினி அவர்கள் கையில். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

விபிஎன் போட்டால் ஐபி மறைந்துவிடுமா?

உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்புவதுதான் விபிஎன். தளங்களுக்கு விபிஎன் சர்வரின் முகவரி தெரியும், உங்களுடையது தெரியாது. ஆனால் விபிஎன் நடத்துபவருக்கு உங்களுடையது தெரியும். இந்தியாவில் 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களுக்குக் கொடுத்த ஐபிகளையும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. உள் முகவரிக்கும் விபிஎன்னுக்கும் சம்பந்தமில்லை, பிரிண்டர் பிரச்சினைக்கு விபிஎன் மருந்தாகாது. சொல்லப்போனால் விபிஎன் ஓடிக்கொண்டிருப்பதால் பிரிண்டர் தெரியாமல் போவதும் உண்டு. அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வேலை பார்க்கும் கம்பெனியின் ஐடி பிரிவு, ‘உங்கள் ஐபியை அனுப்புங்கள், அனுமதிப் பட்டியலில் சேர்க்கிறோம்’ என்கிறது. எதை அனுப்புவது?

நீங்கள் வீட்டிலிருந்து கம்பெனி சர்வரில் நுழைவதற்காக என்றால் வெளி முகவரி. 192.168 அனுப்பினால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை, திரும்பக் கேட்பார்கள். விபிஎன் ஓடினால் நிறுத்திவிட்டு, போன் டேட்டாவில் இல்லாமல், வேலை செய்யப்போகும் இணைப்பிலேயே எண்ணைப் பாருங்கள். ஐபிவி6 மட்டும் காட்டினால், ஐபிவி4ஐத் தனியாகக் காட்டும் தளத்தில் பாருங்கள். பல கம்பெனிகளின் பட்டியல் இன்னும் ஐபிவி4இலேயே இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டுவிடலாம்.

கூடவே இரண்டு விஷயத்தை எழுதி அனுப்புங்கள்: உங்கள் இணைப்பு ஸ்டேட்டிக்கா இல்லையா, சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறதா இல்லையா. மாறும் முகவரி என்றால் இன்று சேர்த்தது அடுத்த வாரமே செல்லாமல் போகலாம். பகிரும் முகவரி என்றால் உங்களுக்குத் திறக்கும் கதவு, அதே முகவரியில் இருக்கும் முகம் தெரியாத பலருக்கும் திறக்கும். நல்ல ஐடி பிரிவு இதைப் படித்ததும் ஐபி பட்டியலை விட்டுவிட்டுக் கம்பெனி விபிஎன் கணக்கு ஒன்றைக் கொடுத்துவிடும்.